ஐந்நூறு இலைச் சமையலில் உங்கள் பிள்ளையின் இலை

கல்யாண மண்டபத்தில் வந்திறங்கியதும் சமையல் மாஸ்டர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை இலை?" என்பதுதான். ஐந்நூறு என்று சொல்லிவிட்டால் எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கிலோ பருப்பு, எந்த அண்டா எந்த அடுப்பில் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து மளமளவென்று வரும். அந்த ஐந்நூறு பேரில் ஒருவருக்குக் காரம் ஆகாது. இன்னொருவருக்குச் சாதம் குழைந்திருந்தால்தான் இறங்கும். இதைச் சொன்னால் மாஸ்டர் மறுக்கப்போவதில்லை. ஆனால் எப்போது சொல்கிறோம் என்பது முக்கியம். அண்டாவில் மிளகாய்ப்பொடி விழுவதற்கு முன் சொன்னால், வெந்த பருப்பில் இரண்டு கரண்டியைத் தனியே எடுத்து வைக்க அரை நிமிஷம் ஆகும். பந்தி உட்கார்ந்த பிறகு சொன்னால் மோர் சாதத்தோடு எழுந்திருக்க வேண்டியதுதான்.

பள்ளிக்கூடமும் இலைக் கணக்கில் சமைக்கிற இடம். நாற்பது பிள்ளைகள், ஒரு பாடநூல், ஒரு ஆசிரியர், நாற்பத்தைந்து நிமிஷப் பாடவேளை. வாசிக்கத் திணறுகிற பிள்ளை, சத்தம் தாங்காத பிள்ளை, காது மந்தமான பிள்ளை, சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளை எல்லோரும் அந்த நாற்பதுக்குள் இருக்கிறார்கள். இவர்களுக்கு உரியது இலைக்கு வந்து சேர வேண்டுமானால் அடுப்படி எப்படி நடக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனத்தில் வைத்து அதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

கேட்பது யாருடைய உரிமை?

"கொஞ்சம் பார்த்துக்கோங்க மிஸ்" என்று தயங்கிக் கேட்டு, "எங்களால முடிஞ்சதைச் செய்றோம்மா" என்ற பதிலோடு திரும்புகிற தாய்மார்கள் எத்தனையோ பேர். சிலருக்கு அந்தப் பதிலும் கிடைப்பதில்லை. "உங்க பையனுக்கு ஏத்த மாதிரி வேற ஸ்கூல் பாருங்கம்மா" என்று நல்லெண்ணம் போலவே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எழுந்து வந்துவிடக் கூடாது. அப்படிச் சொல்வதற்குப் பள்ளிக்குச் சட்டத்தில் இடமில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. ஆட்டிசமும் டிஸ்லெக்சியாவும் அந்தப் பட்டியலில் இல்லை. இப்போதைய பட்டியலில் 21 இருக்கின்றன. இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவைப் பெற்றோர் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது முழுதாகப் படிக்க வேண்டும் என்பேன். அரசு நிதி பெறும் பள்ளி, அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளி இரண்டையும் அது கட்டுப்படுத்துகிறது. ஆகவே மெட்ரிக் பள்ளியோ சி.பி.எஸ்.இ. பள்ளியோ "நாங்க பிரைவேட்" என்று ஒதுங்க முடியாது. பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளையின் தேவைக்கு ஏற்ற நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும். படிப்பிலும் பழக்கத்திலும் வளரத் தேவையான தனிப்பட்ட ஆதரவைத் தர வேண்டும். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும். முன்னேற்றத்தைக் கண்காணிக்க வேண்டும். பிரிவு 31 இன்னொன்றும் சொல்கிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி. அது அருகிலுள்ள பொதுப் பள்ளியிலா, விரும்பிய சிறப்புப் பள்ளியிலா என்பது குடும்பத்தின் தேர்வு.

இத்தனை இருந்தும் ஒரு குறை இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று பெற்றோரையும் உட்காரவைத்து எழுத்தில் ஒரு திட்டம் போட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டமே விரிவாக வகுத்துவிட்டது. நம் சட்டம் தனிப்பட்ட ஆதரவு தரச் சொல்கிறது. அதைத் தாளில் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. இப்படி எழுத்தில் போடும் தனிநபர் கல்வித் திட்டத்தைச் சிறப்புப் பயிற்றுநர்கள் 'ஐ.இ.பி.' என்று குறிப்பிடுகிறார்கள். பல பள்ளிகளில் அது இல்லை. இருக்கும் இடத்திலும் கோப்பில் உறங்குகிறது, பெற்றோர் கண்ணில் படுவதில்லை. எனவே நம் ஊரில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கும் வேலையும், கிடைக்காவிட்டால் நாமே உண்டாக்கும் வேலையும் பெற்றோர் தலையில்தான் விழுகிறது. பெற்றோர் செய்ய வேண்டிய மற்றதெல்லாம் அந்த ஒரு தாளுக்காகத்தான்.

சாமான் சீட்டு

மாஸ்டர் முதலில் எழுதித் தருவது சாமான் சீட்டு. பெற்றோரும் அங்கேதான் தொடங்க வேண்டும். ஒரு பேச்சுக்கு மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். கதை சொல்லச் சொன்னால் கை கால் வைத்து அழகாகச் சொல்வான். கடையில் சில்லறைக் கணக்கு சரியாக வரும். ஆனால் எழுத்தைக் கண்டால் ஓடுகிறான். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறிப்போகின்றன, கால் விட்டுப்போகிறது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. பள்ளி அவனைப் பற்றிச் சொல்வது ஒரே வரி: "கவனமே இல்லை, விளையாட்டுத்தனம்."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் சமைக்க முடியாது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தேதி, என்ன வேலை, எவ்வளவு நேரம் பிடித்தது, எங்கே நின்றான், எது உதவியது. ஐந்து வரியைப் பார்த்து எழுத இருபது நிமிஷம் ஆனது. நாம் வாசிக்க, கேட்டு எழுதியபோது எட்டு நிமிஷம்தான் ஆனது என்று ஒரு குறிப்பு இருந்தால், அதில் நோயும் மருந்தும் சேர்ந்தே இருக்கின்றன. முடியாததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எது அவனுக்கு உதவுகிறது என்பது வீட்டாருக்குத்தான் தெரியும். அதைப் பள்ளி எந்தப் பரிசோதனையிலும் கண்டுபிடிக்க முடியாது. இந்த நோட்டோடு பழைய தேர்வுத் தாள்கள், மதிப்பெண் பட்டியல்கள், மருத்துவச் சீட்டுகள், பள்ளி டைரியில் வந்த குறிப்புகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். அசல் வீட்டில், நகல் பள்ளிக்கு.

அடுத்தது உக்கிராணம். மண்டபத்தில் சாமான் அறைக்காரர் சீட்டு இல்லாமல் எதையும் எடுத்துத் தரமாட்டார். அரசுச் சலுகைகளுக்கு அந்தச் சீட்டு, மாற்றுத்திறனாளி சான்றும் யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும். பெற்றோர் பலர் இந்த அட்டை கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சீட்டைக் காட்டினால் சாமான் வரும். எப்படிச் சமைப்பது என்று சீட்டில் எழுதியிருக்காது. அதைச் சொல்வது வேறொரு தாள்: உளவியலாளரோ சிறப்புக் கல்வியாளரோ பேச்சுப் பயிற்சியாளரோ தரும் மதிப்பீட்டு அறிக்கை. வாசிப்பு எந்த வகுப்பு நிலையில் இருக்கிறது, கேட்டு விளங்கிக்கொள்வது எப்படி இருக்கிறது, வகுப்பில் என்ன மாற்றம் வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் வரும். அறிக்கையின் கடைசியில் பரிந்துரைகள் பகுதி இல்லை என்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "சிறப்புக் கல்வி தேவை" என்ற பொத்தாம்பொதுவான வரி பள்ளிக்குப் பயன்படாது.

இதற்கெல்லாம் பெரும் செலவு செய்தாக வேண்டும் என்பதில்லை. சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் வட்டார அளவில் மருத்துவ மதிப்பீட்டு முகாம்கள் நடக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. கற்றல் குறைபாட்டுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறது. பெருமூளை வாதம் போன்றவற்றுக்கு 1985இல் தொடங்கிய வித்யாசாகர் இருக்கிறது.

சான்று வரும்வரை பள்ளி கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்பதும் தவறு. கண்டுபிடிக்கும் பொறுப்பையே சட்டம் பள்ளியிடம் தந்திருக்கிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்தியோ அப்போது, அரசுப் பள்ளி ஆசிரியரும் தனியார் பள்ளி ஆசிரியரும் கற்றல் குறைபாட்டுக்கான முதற்கட்டச் சோதனையைச் செய்ய வேண்டும் என்றது. இன்னொரு கேள்வியும் பெற்றோரை வாட்டுவது: "நாற்பது பர்சன்ட் வரலையே, பட்டியல்லயே இல்லையே?" கவனக்குறைவு மிகைச்செயல்பாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தத் தவிப்பு அதிகம், 21 வகைகளில் அது தனியாக இடம்பெறவில்லை. இவர்கள் கையில் இருக்க வேண்டியது, 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தான் சொல்வதை எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டார். 40 விழுக்காட்டுக் கோடு வேலை ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான். நியாயமான வசதி கேட்கும் உரிமைக்கு அந்தக் கோட்டைத் தடையாக வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

கண் அளவு எப்போது போதாது?

கைதேர்ந்தவர்கள் உப்பைக் கண் அளவில் போடுவார்கள், சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கை நாளைக்கும் அதே அடுப்படியில் இருக்க வேண்டும். ஆள் மாறினால் "தேவையான அளவு உப்பு" என்ற குறிப்பு யாருக்கும் உதவாது. பள்ளியில் ஆண்டுதோறும் ஆள் மாறுகிறார். மூன்றாம் வகுப்பு டீச்சர் தங்கமானவர், பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்; ஜூனில் நான்காம் வகுப்புக்குப் போனதும் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. நல்ல ஆசிரியரின் அன்பையும் அளவு குறித்துத் தாளில் எழுதிவைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

முதல் தாள் கடிதம். வாசலில் நின்று சொன்னது, போனில் சொன்னது, பெற்றோர் கூட்டத்தில் நெரிசலுக்கு நடுவே சொன்னது எதுவும் ஆறு மாதம் கழித்து நிற்காது. தலைமையாசிரியர் பெயருக்கு, தேதியிட்டு, ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

"மதிப்புக்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, தங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு 'அ' பிரிவில் படிக்கும் என் மகனுக்கு வாசிப்பதிலும் எழுதுவதிலும் தொடர்ந்து சிரமம் இருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டால் பாடத்தை நன்கு விளக்குகிறான். இரண்டு வாரக் குறிப்பும் மதிப்பீட்டு அறிக்கையின் நகலும் இணைத்துள்ளேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16இன்படி அவனுக்குத் தேவையான ஆதரவைத் திட்டமிட, வகுப்பாசிரியரும் சிறப்புப் பயிற்றுநரும் கலந்துகொள்ளும் ஒரு சந்திப்புக்கு நாள் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சந்திப்பில் முடிவாவதை எழுத்தில் பெற விரும்புகிறேன்."

இதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. நகலில் பள்ளி முத்திரையோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். எழுதப் பழக்கமில்லாதவர்கள் யாரையாவது எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தாலும் அதன் மதிப்பு குறையாது.

அரசுப் பள்ளி என்றால், சிறப்புப் பயிற்றுநர் அந்தப் பள்ளியிலேயே இருப்பவராக இருக்க மாட்டார். வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்குப் போய்வருகிறவர். அவருடைய வருகை எந்தக் கிழமை என்று தெரிந்துகொண்டு அந்த நாளில் சந்திப்பை வையுங்கள். இயன்முறை மருத்துவர், உபகரணங்கள், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி, உடன்வருவோருக்கான படி எல்லாம் அந்த மையத்தின் வழியாகத்தான் வருகின்றன. சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில், அதிகப் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு வேலை செய்கிறார்கள். அவர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், பள்ளிக்குள் நம் பக்கம் நின்று பேசக்கூடியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

சந்திப்புக்குத் தனியாகப் போக வேண்டாம். கணவரோ அக்காவோ, இதே பாதையில் முன்னே நடந்த இன்னொரு பெற்றோரோ கூட வரட்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறிப்பெடுக்க வேண்டும். மேசையின் மறுபக்கம் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது தாயின் குரல் தழுதழுப்பது இயல்பு. அழுகை வந்தால் அழுதுவிட்டுத் தொடரலாம். ஆனால் எழுந்திருக்கும் முன் இலக்குகள் தாளில் ஏறிவிட வேண்டும்.

இலக்கை எழுதும் விதத்தில்தான் முழு ஆண்டும் அடங்கியிருக்கிறது. "வாசிப்பில் முன்னேற்றம் அடைவான்" என்பது தேவையான அளவு உப்பு என்பதைப் போன்ற வரி. மார்ச்சில் எதை வைத்து அளப்பது? இப்படி எழுதினால் அளக்கலாம்: "இப்போது முதல் வகுப்புப் பாடத்தின் ஒரு பத்தியில் பத்துச் சொல்லுக்கு நான்கு சொல்லைத் தானாக வாசிக்கிறான். டிசம்பருக்குள் அதே நிலைப் பத்தியில் பத்துக்கு எட்டு. வாரம் மூன்று நாள், இருபது நிமிஷம், வகுப்பாசிரியர் வாசிக்க வைப்பார். சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் புதிய எழுத்துக்கூட்டுப் பயிற்சி தருவார். மாதக் கடைசியில் ஒரு பத்தியை வாசிக்கவைத்துக் குறிப்பேட்டில் பதிவார்." இதில் இன்றைய நிலை, சேர வேண்டிய இடம், காலக்கெடு, செய்கிற ஆள், பார்க்கிற முறை ஐந்தும் இருக்கின்றன. ஒன்று விடுபட்டாலும் அந்த இலக்கு நடக்காது. பெரும்பாலும் விடுபடுவது செய்கிற ஆளின் பெயர். "யார் மேடம் செய்வாங்க?" என்று மரியாதையாக, ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள்.

இலக்குகள் மூன்றோ நான்கோ போதும். பதினைந்து இலக்குகள் எழுதிய திட்டத்தை எந்த ஆசிரியராலும் நடத்த முடியாது. எல்லாம் மதிப்பெண்ணைப் பற்றியதாகவும் இருக்க வேண்டாம். கழிவறைக்குத் தானே போய்வருவது, மதிய உணவின்போது ஒரு நண்பனோடு உட்காருவது, சத்தம் தாங்காதபோது சொல்லிவிட்டு வெளியே வருவது ஆகியவற்றுக்கும் அந்தத் தாளில் முழு உரிமை உண்டு. ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாட்டைவிட "போதும்" என்று சொல்லக் கற்பது பெரிய படிப்பாக இருக்கக்கூடும்.

அதே பருப்பு, வேறு பருப்பு

இங்கே பெற்றோர் மிகக் கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் வருகிறது. பந்தியில் எல்லோருக்கும் போடுகிற சாதத்தையே ஒருவருக்குக் குழைத்துப் போடுவது ஒன்று. அவருக்குச் சாதமே வேண்டாம், கஞ்சி போதும் என்று மாற்றுவது இன்னொன்று. இரண்டும் உதவிதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

குழைத்துப் போடுவதில் பாடம் அதேதான், பிள்ளையிடம் எதிர்பார்ப்பதும் அதேதான். சேரும் வழி மட்டும் மாறுகிறது. முன்வரிசை இருக்கை, பெரிய எழுத்தில் வினாத்தாள், கரும்பலகையில் எழுதுவதன் நகல், கேள்வியை வாசித்துக் காட்டுவது, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், எழுதுவதற்குப் பதில் வாய்மொழி விடை. நம் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான். அவனுக்குப் பாடம் விளங்குகிறது. எழுத்து மட்டுமே குறுக்கே நிற்கிறது. கஞ்சியாக மாற்றுவதில் பாடமே குறைகிறது. மற்றவர்கள் பத்துக் கேள்வி எழுத, இவனுக்கு மூன்று எளிய கேள்வி. மற்றவர்களுக்கு நான்காம் வகுப்புக் கணக்கு, இவனுக்கு இரண்டாம் வகுப்புக் கணக்கு. அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைக்கு இதுதான் சரியான, கண்ணியமான வழியாக இருக்கும். ஆனால் குழைத்த சாதம் போதுமாக இருந்த பிள்ளைக்கு வேலை எளிதென்று கஞ்சியை ஊற்றிவிட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அவன் வகுப்பை விட்டு வெகுதூரம் விலகிப்போய்விடுவான். அதற்குப் பிறகு "அவனால முடியாதுன்னு சொன்னோமே" என்பார்கள். சந்திப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி இது: "பாடம் குறையுதா, இல்ல சொல்லித்தர்ற விதம் மட்டும் மாறுதா?"

மொழி விலக்கு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது. இரண்டாம், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகியவற்றைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டுப் பொதுத் தேர்வுகளில் மொழிப்பாட விலக்கு, கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாம் அனுமதிக்கப்படுகின்றன. பிள்ளை ஒரு மொழியோடு மல்லுக்கட்டி மனம் ஒடிந்துபோகிறான் என்றால் விலக்கு பெரிய விடுதலை. வாங்கும் முன், பின்னால் சேர நினைக்கிற படிப்புக்கோ வேலைக்கோ அந்த மொழி வேண்டியிருக்குமா என்பதை விசாரித்துவிடுங்கள்.

இந்தச் சலுகைகளைத் தேர்வு நெருங்கும்போது தேடுவது பந்தியில் உட்கார்ந்த பிறகு காரத்தைப் பற்றிப் பேசுவதுதான். 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கை நினைத்துப் பாருங்கள். எழுதுவதில் குறைபாடுள்ள மாணவி ஒருவருக்கு நீட் தேர்வில் கூடுதல் நேரம் உரியது. தேர்வு மையத்தில் இருந்தவர்கள் அந்த விதியை அறியாமல் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். தவறு என்று நீதிமன்றம் ஐயமின்றிச் சொன்னது; ஆனாலும் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. உரிமை இருந்தும், தீர்ப்பும் சாதகமாக இருந்தும், போன நேரம் திரும்பவில்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றுகளைப் புதுப்பித்து, பள்ளி வழியாக விண்ணப்பித்து, ஆணையின் நகலைக் கையில் வாங்கி, தேர்வு நாளன்று பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள். சொல்வதை எழுதுபவரோடு வேலை செய்வதும் பழக வேண்டிய திறமை. ஆறாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலிருந்தே அந்தப் பழக்கம் தொடங்கட்டும்.

ருசி பார்த்தல், மறுத்தால் போகும் வழி

நல்ல மாஸ்டர் கொதிக்கும்போதே ஒரு துளி எடுத்து நாக்கில் வைப்பார். அரையாண்டு மதிப்பெண் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் வகுப்பாசிரியரைப் பாருங்கள். திட்டத்தாளை நடுவில் வைத்து வரிவரியாகப் பேசுங்கள். நடக்காத வரியைக் குற்றச்சாட்டாக்காமல், "இது ஏன் நடக்கல மிஸ், எதை மாத்தினா நடக்கும்?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பேசியதை நான்கு வரியில் எழுதி வாட்ஸாப்பிலோ டைரியிலோ அனுப்பிவிடுங்கள். "இன்று நாம் பேசி முடிவு செய்தவை" என்று தொடங்கும் அந்தச் சின்னச் செய்தி, பின்னால் கோப்பில் மிகவும் வலுவான தாளாக நிற்கும்.

நடந்த நல்லதையும் எழுதுங்கள். ஒரு ஆசிரியர் பையனுக்காகக் கேள்விகளை வாசித்துக் காட்டினார் என்றால், தலைமையாசிரியருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் போகட்டும். ஆசிரியரின் பணிக்கு அது துணை; அடுத்த ஆண்டு ஆசிரியருக்கும் அது வழிகாட்டி.

சரி, எத்தனை பணிவாகக் கேட்டும் நடக்கவில்லை என்றால்? வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் முந்தைய கடிதத்தின் நகலோடு போகலாம். 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைக்குக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 32ஆம் பிரிவில் உள்ளாட்சி அமைப்பிடம் புகார் தர வழி உண்டு. மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதற்கு மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் நேரடியாகவும் மனுச் செய்யலாம். ஆட்களை வரவழைப்பது, ஆவணங்களைக் கேட்பது ஆகியவற்றில் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் அவருக்கு இருக்கின்றன. அவர் பரிந்துரைத்தால் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை முதல் தடவை மீறினால் 10,000 ரூபாய்வரையும், அதற்குப் பிறகும் மீறினால் 50,000 ரூபாயிலிருந்து ஐந்து லட்சம்வரையும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு இடம் தருகிறது. மனு எழுதத் தெரிந்தால் போதும்; வக்கீல் வைக்கத் தேவையில்லை. கோப்பு தேதி வரிசையில் இருந்தால் மனு தானாகவே எழுதிக்கொள்ளும்.

ஒரே பெற்றோர் ஐம்பது முறை கேட்பதைவிட, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் ஒன்று அதிக வேலை செய்யும் விஷயங்களும் இருக்கின்றன. சாய்வுப் பாதை, சக்கர நாற்காலி நுழையும் கழிவறை, சிறப்புப் பயிற்றுநர் வாரத்தில் இன்னொரு நாள் வருவது ஆகியவை ஒரு பிள்ளைக்கு மட்டுமான தேவைகள் அல்ல. அந்தக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு, பாதி இடம் பெண்களுக்கு என்று கல்வி உரிமைச் சட்டம் வகுத்திருக்கிறது. உங்கள் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட பயிற்றுநர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த எண்களைக் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள்.

பிள்ளை ஐந்தாம் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் திட்டச் சந்திப்பில் அவனுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். முழு நேரமும் இருக்க வேண்டாம்; முதல் பத்து நிமிஷம் போதும். போகும் முன் வீட்டில் மூன்று கேள்விகளை அவனோடு பேசிவையுங்கள்: வகுப்பில் எது கஷ்டமாக இருக்கிறது, எது உதவுகிறது, டீச்சர் எதைச் செய்தால் சங்கடமாக இருக்கிறது. பேச வராத பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்டலாம், முன்பே பதிவுசெய்த வீடியோவைப் போடலாம். மூன்றாவது கேள்விக்குப் பெரியவர்கள் யாரும் நினைத்திராத பதில் வருவதுண்டு. உதவிக்கு வருகிறவர் பக்கத்திலேயே உட்காருவதால் யாரும் என்னோடு பேசமாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், அன்றைய திட்டத்தில் முதலில் திருத்த வேண்டிய வரி அதுதான். அதை அவன் சொன்ன வார்த்தைகளிலேயே தாளில் எழுதி, யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு எழுந்திருங்கள்.